‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதிய அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நாற்றுப்பண்ணைகளுக்கு உரிமம் தருகிற, அரசுத் திட்டங்களுக்குக் கன்று வாங்கி விநியோகிக்கிற அதிகாரிகளுக்கு,

என் மனுவுக்கு வந்த பதில் மொத்தம் நாலு வரி. மலையாளத்தில் இருந்தது. மகள் பள்ளியில் மலையாளம் படிப்பதால் அவள்தான் வாசித்துச் சொன்னாள். முதல் மூன்று வரியில் என் பெயர், சர்வே எண், மனு எண். நாலாவது வரிதான் விஷயம்: கள ஆய்வில் பராமரிப்புக் குறைவால் கொய்யாச் செடிகள் பட்டுப்போனது தெரிகிறது, ஆகவே இழப்பீட்டுக்கு வழியில்லை. வாசித்து முடித்துவிட்டு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வருடம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போடப் போனவனுடைய மகள் அவள்.

இழப்பீடு கிடைக்கவில்லை என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அது போனது போனதுதான். போன வாரம் உங்கள் அலுவலகப் பலகையில் இந்த வருடத் திருவாதிரை ஞாற்றுவேலைச் சந்தைக்கு (மழை தொடங்கி கன்று நடும் பருவத்தில் கேரளத்தில் நடக்கும் கன்றுச் சந்தை) வரப்போகும் கன்றுகளின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அதில் கொய்யா இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "எப்பவும் குடுக்கற ஆளுதான்" என்று பதில் வந்தது. வேரைச் சோதித்தீர்களா என்றேன். "கன்னு நல்ல பச்சையா இருக்கு" என்றார்கள். என் செடிகளைக் கொன்றது பராமரிப்புக் குறைவு இல்லை, கன்றின் வேரோடு வந்த நூற்புழு, மண்ணில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு. அதனால்தான் எழுதுகிறேன்.

கன்று தந்த பண்ணையின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பண்ணையை இழுத்து மூடினால் தீர்ந்துவிடுகிற சங்கதி இல்லை இது.

என் தோட்டம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. (ஆந்திரச் சித்தூர் இல்லை. போனில் ஒவ்வொரு முறையும் இதை விளக்க வேண்டியிருக்கிறது.) வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். மேற்கே போனால் நெல்லைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் தக்காளி விலை பேசுவோம். கத்தரி, வெண்டை, பந்தல் காய், நேந்திரன், தென்னை என்று போகும். கொய்யா எங்களுக்குப் புதுசு. தக்காளி கிலோ மூணு ரூபாய்க்குப் போன வருடம் பலரும் பழமரத்துக்கு மாறினோம். நீங்களும் மாறச் சொன்னீர்கள். திட்டம் இருந்தது, மானியம் இருந்தது, கன்றும் நீங்களே ஏற்பாடு செய்தீர்கள்.

2022 ஆடியில் ஒன்றரை ஏக்கரில் எட்டுக்கு எட்டு அடி இடைவெளியில் 1,000 கன்று வைத்தேன். தைவான் பிங்க். வெளி மாநிலத்திலிருந்து லாரியில் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கியது. நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கன்றின் பை கிழிந்து மண் உதிர்ந்தது. வேரில் சின்னச் சின்ன மணி கோத்த மாதிரி முடிச்சுகள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடலைச் செடியைப் பிடுங்கும்போதெல்லாம் எங்கய்யன் வேரைக் காட்டி, "இந்த முடிச்சு இருந்தா மண்ணுக்கு உரம் கண்ணு" என்பார். அந்த ஞாபகத்தில் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, நல்ல கன்னு குடுத்திருக்காங்க." அந்தக் கன்றை நானே என் கையால் குழியில் வைத்து மண் அணைத்தேன்.

கடலை வேரில் இருப்பது வேறு, கொய்யா வேரில் இருப்பது வேறு என்று எனக்குத் தெரிய இரண்டு வருடம் ஆனது. கடலையின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழுவின் முடிச்சு உதிராது. வேரே வீங்கிப் போயிருப்பதுதான் அது. கடலை, தட்டைப்பயறு மாதிரி கொய்யாவுக்கு நன்மை செய்கிற முடிச்சு என்று ஒன்று கிடையவே கிடையாது. கொய்யா வேரில் முடிச்சு தெரிந்தால் அது நோய்தான். இந்த மூன்று வாக்கியத்தைக் கன்றோடு ஒரு துண்டுத்தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் அந்த லாரியை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. 2023 கோடையில் காய் நன்றாகவே வந்தது, வேலந்தாவளம் சந்தையில் போட்டேன். அடுத்த தை மாதம் இலை ஓரம் செம்பு நிறத்துக்கு மாற ஆரம்பித்தது. பிறகு மஞ்சள், பிறகு உதிர்வு. யூரியா போட்டேன். மெக்னீசியம் சல்பேட், துத்தநாகம் எல்லாம் தெளித்தேன். செடி கேட்கவில்லை. தண்ணீர் விட்ட மறுநாள் மத்தியானமே பத்து நாள் தண்ணி காணாத மாதிரி துவண்டு நின்றது.

உங்கள் அலுவலர் வந்தார். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. வரப்பில் நின்று இலையைப் பார்த்தார், செல்போனில் நாலு படம் எடுத்தார். "வாடல் நோய் சேட்டா, கார்பன்டாசிம் கலக்கி வேர்ல ஊத்துங்க" என்றார். பூஞ்சாணத்துக்கான மருந்து அது. ஊத்தினேன். மண்வெட்டி என் கையிலேயே இருந்தது. ஒரு செடியைத் தோண்டிப் பார்க்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதில் கடிதத்தில் ‘கள ஆய்வு’ என்று நீங்கள் எழுதியது அந்த நாலு படத்தைத்தான்.

தோண்டச் சொன்னது பக்கத்துத் தோட்டத்து அத்தை. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். "மேல நோவு தெரிஞ்சா கீழ பாக்கோணும் சாமி, நீ எலைக்கே மருந்தடிச்சிட்டு இருக்கற" என்றார். செத்துக்கொண்டிருந்த ஒரு செடியைச் சுற்றி வெட்டித் தூக்கினோம். வேர் மாதிரியே இல்லை. இஞ்சிக் கிழங்கை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. தண்ணி உறிஞ்சுகிற மயிர்வேர் ஒன்றுகூடக் கிடையாது. மண்ணையும் வேரையும் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, பஸ் ஏறிக் கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் கொடுத்தேன். கொய்யாவைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு, மெலாய்டோகைனி எண்டரோலோபி என்று சொன்னார்கள். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது.

தமிழ்நாட்டில் நூற்புழு என்று எழுதுகிறார்கள், மலையாளத்தில் நிமாவிர. எங்கள் பக்கத்தில் புழுவுக்குப் பெயர் கிடையாது. "வேர்ல முடிச்சு உழுந்திருச்சு" என்போம், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிந்தது முடிச்சு, அதனால் முடிச்சுக்குப் பெயர் வைத்தோம். வேரைத் தேடி வரும் குஞ்சுப்புழு அரை மில்லிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம், தலைமயிரைவிட மெல்லிசு. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் காட்டினார்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, ஊசி மாதிரி ஒரு வாய் உறுப்பால் வேர் நுனியைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. ஒரு இடத்தில் தலையை வைத்துப் படுத்துவிட்டால் பெண்புழு அப்புறம் அசைவதே இல்லை. அதன் தலையைச் சுற்றி இருக்கிற வேரின் செல்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு பெருத்து அதற்குச் சோறு போடும் பானைகளாக மாறுகின்றன. செடிக்கு என்று நான் போட்ட உரமெல்லாம் அந்தப் பானைக்குப் போயிருக்கிறது. பெண்புழு பேரிக்காய் வடிவத்தில் வீங்கி, பசை மாதிரி ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இந்த இனத்தில் அதற்கு ஆண் துணைகூடத் தேவையில்லை. எங்கள் ஊர்ச் சூட்டில் மாசத்துக்கு ஒரு தலைமுறை. தக்காளி என்றால் நாலு மாசத்தில் காடு காலியாகிவிடும், புழுவுக்குத் தீனி முடியும். கொய்யா வருடம் முழுக்க நிற்கிற மரம். பந்தி முடிவதே இல்லை.

அது போட்ட ஓட்டை வழியாக மண்ணில் இருக்கிற வாடல் பூஞ்சாணம் உள்ளே நுழைகிறது. ஆக, அலுவலர் சொன்ன வாடல் நோய் முழுப் பொய் இல்லை. கதவை உடைத்த திருடனை விட்டுவிட்டு, உடைந்த கதவு வழியாக வந்த நாயை விரட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமானது. முதல் வருடம் காய் நன்றாக வந்ததும் மச்சானுக்கு ஆசை வந்தது. "கன்னு காசு எதுக்கு மாமா, நம்ம மரத்துலயே பதியன் போட்டுக் குடுங்க" என்றான். நாற்பது பதியன் போட்டேன். வேர் விட்டதும் என் தோட்டத்து மண்ணையே பையில் நிரப்பி, கட்டி, டெம்போவில் ஏற்றி அனுப்பினேன். கொய்யா வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அவனுக்குக் கத்தரி. இன்றைக்கு இரண்டிலும் முடிச்சு. உரிமம் இல்லாத நாற்றுப்பண்ணை ஒன்றை நானே நடத்தியிருக்கிறேன். என் வாய்க்காலின் கடைசி மடை அத்தையின் தக்காளிக் காட்டுக்குப் போகிறது. போன பட்டத்தில் அவருடைய செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நூற்புழு தானாக ஊர்ந்து ஒரு பட்டத்தில் ஒரு மீட்டர் தூரம் போனால் பெரிய விஷயம். மிச்சத் தூரத்துக்கெல்லாம் அதைச் சுமந்துகொண்டு போவது நாம்தான். பை மண், பாசன நீர், ரொட்டவேட்டர் கத்தியில் ஒட்டின சேறு, செருப்பு. இந்தக் கணக்கில் என் பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பங்கை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

இது நேற்று வந்த பூச்சி, எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. இந்தியாவில் வேர்முடிச்சு நூற்புழு முதலில் பதிவானதே நம் பக்கத்து மலையில்தான். 1901ல் நீலகிரியின் தேவாலாவில், தேயிலை வேரில், பார்பர் என்கிற தாவரவியலாளர் கண்டார். வாழை வேரைத் துளைக்கும் நூற்புழுவைக் கேரளத்திலேயே 1966ல் பதிவு செய்தார்கள். லேசான காற்றுக்கு நேந்திரன் வரிசையாகச் சாயும்போது காற்றுச் சேதம் என்று எழுதிக்கொண்டு போகிறீர்கள். சாய்ந்த வாழையின் வேரைக் கீறிப் பார்த்தால் பல நேரம் உள்ளே செங்கருப்பாக அழுகியிருக்கும். எங்கய்யன் காலத்தில் வாழைக் கன்றுக் கிழங்கைச் சுற்றிலும் சீவி, சாணியும் சாம்பலும் கரைத்ததில் முக்கி, மூணு நாலு நாள் வெயிலில் காயவைத்துத்தான் நடுவார்கள். புழு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. ஆனால் வெளியிலிருந்து வருகிற கிழங்கை அப்படியே மண்ணில் வைக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. கொய்யா நூற்புழு தமிழ்நாட்டில் இருப்பதைப் பற்றி 2016லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. நான் கன்று வைத்தது அதற்கு ஆறு வருடம் கழித்து.

தடுக்க முடியாது என்றும் சொல்லாதீர்கள். நீலகிரி உருளைக்கிழங்கில் 1961ல் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். 1971ல் தமிழ்நாடு அரசு, நீலகிரியிலிருந்து விதை உருளை வெளியே போவதற்குக் கட்டுப்பாடு போட்டது. பத்து வருடம் தாமதம்தான், ஆனாலும் போட்டார்கள். பெரிய லேப், புதுச் சட்டம் எதுவும் வருவதற்கு முன்னால் நடந்தது அது. 1966ஆம் வருட விதைச் சட்டமே ‘விதை’ என்ற சொல்லுக்குள் நாற்று, கிழங்கு, ஒட்டுக்கன்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

எல்லையில் சோதனையே கிடையாதா? இருக்கிறது. மீனாட்சிபுரத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பால் லாரியை நிறுத்திக் கலப்படம் பார்க்கிறீர்கள், நல்ல காரியம். இங்கே இறக்கிய கள்ளு தெற்கு ஜில்லாக்களுக்குப் போனால் வண்டிக்குப் பர்மிட் வேண்டும், எக்சைஸ்காரர் கேனைத் திறந்து பார்ப்பார். ஆளியாற்றுத் தண்ணீர் மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று இரண்டு மாநிலமும் சொட்டுச் சொட்டாக அளந்து சண்டை போடுகின்றன. பால், கள், தண்ணீர் மூன்றுக்கும் கணக்கு உண்டு. அதே சாலையில் ஆயிரக்கணக்கான பைகளில் யாரோ ஒருவருடைய தோட்டத்து மண் வருகிறது. அந்த லாரியை நிறுத்தி ஒரு பையைக் கிழித்துப் பார்த்த ஆளை இந்த ஐம்பது வயதில் நான் கண்டதில்லை.

கிழித்துப் பார்க்க லேப்கூட வேண்டாம். ஆயிரம் கன்றில் இருபதை அங்கங்கே எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் வேரை அலசினால் முற்றின முடிச்சு கண்ணுக்கே தெரியும். இப்போதுதான் புழு நுழைந்திருக்கிறது என்றால் தெரியாது, அதற்குத்தான் லேப். வேரடி மண்ணைச் சலித்து நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு அது அன்றாட வேலை. பண்ணைக்காரருக்கும் இது மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. ஒரே இடத்து மண்ணை வருடா வருடம் வெட்டிப் பையில் நிரப்புவது, பையை வெறும் தரையில் வைத்து வேர் கீழே இறங்க விடுவது, நோய் பிடித்த தாய்மரத்துக்குக் கீழேயே பதியன் வேர்விடச் செய்வது, இந்த மூன்றும்தான் வழி திறந்துவிடுகின்றன. பை மண்ணைக் கோடையில் கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் விரிப்பால் ஆறு வாரம் மூடி வைத்தால் பெரும்பாலான புழு வெந்துபோகும். பையை மேடை மேல் வைத்தால் தரைப்புழு ஏறாது. செலவு கொஞ்சம் கூடும். கன்று 45 ரூபாய்க்குப் பதில் 55 ஆகட்டும், வாங்குகிறோம். எனக்கு ஆன கணக்கைக் கேளுங்கள்: கன்று, குழி, சொட்டுநீர்க் குழாய், எரு, ஆள்கூலி, கடைசியில் பொக்லைன் வைத்துப் பிடுங்கிய வாடகை வரைக்கும் சேர்த்து மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாடு முழுக்க நூற்புழுவால் ஆண்டுக்குச் சுமார் 10,200 கோடி ரூபாய் பயிர் நஷ்டம் என்று நூற்புழுவுக்கான அனைத்திந்திய ஆய்வுத் திட்டத்து ஆய்வாளர்களே கணக்குப் போட்டு 2020ல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தக் கோடியில் என் மூன்று லட்சம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. என் பாஸ்புக்கில் தேடினால் கிடைக்கும்.

நிலத்துக்குள் வந்த பிறகு என்ன செய்வது என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "குருணை இருக்குங்க, போட்டீங்கன்னா நின்னுரும்" என்றார். அந்த மாதிரிக் குருணை மருந்துகளான கார்போபியூரான், போரேட் இரண்டையும் கேரளம் 2011லேயே தடை செய்துவிட்டது. போரேட்டுக்கு இப்போது நாடு முழுக்கவே தடை. தடை சரி என்கிற கட்சி நான். காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து மனுஷங்களை என்ன செய்தது என்று இந்த மாநிலத்தில் எல்லாருக்கும் தெரியும். குருணையை நான் வாங்கவில்லை. ஆனால் கேட்கிறேன், தடை போட்டு இத்தனை வருடம் ஆனபிறகும் அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? புதிதாக வந்திருக்கும் ஃப்ளுயோபைரம் மாதிரி மருந்து ஒன்றரை ஏக்கர்காரன் வாங்குகிற விலையில் இல்லை. வேப்பம்புண்ணாக்கோடு நூற்புழு முட்டையைத் தின்கிற பூஞ்சைகளைக் கலந்து போடலாம் என்றார்கள். பர்ப்யூரியோசிலியம், பொக்கோனியா என்று பெயர். வீரியம் குறையாமல் இங்கே கிடைக்க வேண்டுமே? நான் வாங்கின பாக்கெட் கடை அலமாரியில் எத்தனை கோடையைப் பார்த்திருந்ததோ.

வேறொரு குழப்பமும் இருக்கிறது. கொய்யாவைப் பிடுங்கிய இடத்தில் என்ன பயிர் வைப்பது? இந்தப் புழுவுக்கு நிலக்கடலை சரியான தீனி இல்லை, வைக்கலாம் என்கிறார்கள். சரி, வைக்கலாம். ஆனால் இதன் பங்காளியான இன்னொரு வேர்முடிச்சு நூற்புழுவுக்குக் கடலைதான் விருந்து. முடிச்சைத் தாங்கும் தக்காளி ரகம் வைக்கலாம் என்றால், மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தாங்கும் குணமே தளர்ந்துவிடும். எங்கள் ஊர் மண் சித்திரையில் என்ன சூடு என்று வெறுங்காலில் நடந்து பாருங்கள். அதோடு, கொய்யாவின் இந்த இனம் அந்தத் தாங்கும் குணத்தையும் மீறி நுழைகிற இனம். எந்த இனம் என்று தெரியாமல் ‘நூற்புழு, பயிர்ச் சுழற்சி செய்க’ என்று பொதுவாகச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. நான் இப்போதைக்குச் செண்டுமல்லி வைத்திருக்கிறேன். அதன் வேர் பல வேர்முடிச்சுப் புழுக்களைக் கட்டுப்படுத்தும், ஓணத்துக்குப் பூ விலையும் போகும். பூ விற்ற காசில் வேப்பம்புண்ணாக்கு வாங்குகிறேன். என் பராமரிப்பு இப்போது இந்த நிலையில் இருக்கிறது.

நான் கேட்பது இவைதான்.

இந்த ஞாற்றுவேலைச் சந்தைக்கு வரும் கொய்யாக் கன்றுகளை இறக்குவதற்கு முன்னால், நூற்றுக்கு இரண்டு வீதம் பையைக் கிழித்து, வேரை அலசி, விவசாயிகள் முன்னால் காட்டுங்கள். முடிச்சு ஒன்று தெரிந்தாலும் மொத்த லாரியும் திரும்பிப் போக வேண்டும். திரும்பும் லாரி அடுத்த பஞ்சாயத்தில் போய் இறக்காமல் இருக்க, அந்தத் தகவலை இரண்டு மாநிலத்து அலுவலர்களும் அன்றைக்கே பரிமாறிக்கொள்ளுங்கள். தேதி நெருங்கிவிட்டது, ஆள் இல்லை என்றால் கொய்யாவை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வருடம் கொய்யா வைக்காவிட்டால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்த வருடத்திலிருந்து, அரசுத் திட்டத்துக்குக் கன்று தருகிற எந்தப் பண்ணையும் ஒவ்வொரு லோடு கன்றுக்கும் நூற்புழு பரிசோதனைச் சான்று தராமல் பில் பாஸ் ஆகக் கூடாது. உரிமம் புதுப்பிக்கும்போது தாய்மரத்தின் வேரடி மண்ணையும் பை மண்ணையும் நீங்களே எடுத்துச் சோதியுங்கள். பண்ணைக்காரர் கொண்டுவந்து தரும் மண்ணை வாங்கிக்கொள்ளாதீர்கள். மீனாட்சிபுரத்தில் பாலுக்கு இருக்கும் ஏற்பாட்டில் கால் பங்காவது கன்றுக்கும் வரட்டும்.

சித்தூர் தாலுகாவில் எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் மண், வேர் மாதிரி எடுத்துக்கொள்ள வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். திருச்சூருக்கோ கோயம்புத்தூருக்கோ நீங்கள் அனுப்பிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு பஸ் ஏற வேண்டியதில்லை. எந்த இனம் என்பது முடிவில் இருக்க வேண்டும். அலுவலர்களின் வண்டியில் ஒரு மண்வெட்டி போட்டு அனுப்புங்கள். வேரைத் தோண்டிப் பார்க்காமல் எழுதப்படும் அறிக்கைக்குக் கள ஆய்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

கொய்யா வைத்து அழித்தவன் இந்தப் பகுதியில் நான் ஒருவன் மட்டும் இல்லை. அதே திட்டத்தில் கன்று வாங்கியவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் இந்த மழைக்கு முன்பே ஒரு கடிதம் போடுங்கள்: செடியைத் தோண்டிப் பாருங்கள், முடிச்சு இருந்தால் பதியன் போட்டு யாருக்கும் தராதீர்கள், ரொட்டவேட்டரைக் கழுவாமல் அடுத்த காட்டுக்கு விடாதீர்கள் என்று. இந்தக் கடிதம் மூன்று வருடம் முன்னால் எனக்கு வந்திருந்தால் மச்சானுடைய கத்தரிக்காடு தப்பியிருக்கும்.

கடைசியாக என் மனு. மொழிச் சிறுபான்மையினர் பகுதியில் தமிழில் எழுதினால் தமிழில் பதில் தர வேண்டும் என்று கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நான் தமிழில்தான் எழுதியிருந்தேன். ஆய்வக முடிவின் நகலையும் மனுவோடு வைத்திருந்தேன். அதை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, ‘பராமரிப்புக் குறைவு’ என்ற இரண்டு சொல்லை அடித்துவிட்டு, செடி செத்ததற்கு உண்மையான காரணம் என்ன என்று எழுதி, புதிய பதிலைத் தமிழில் அனுப்புங்கள். இந்த முறை என் மகளை வாசிக்கச் சொல்லாமல் நானே வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிழக்குச் சித்தூர் விவசாயி ஒருவன்